மஞ்சள் கொஞ்சம் தூக்கல்

இந்த வீட்டில் ஒரே ஒரு முடிவாவது தன் இஷ்டப்படி நடந்தே தீர வேண்டும் என்று தாண்டவராயன் சபதம் எடுத்தது ஒரு வெள்ளிக்கிழமை காலை, பல் தேய்க்கும்போது. வாய் நிறைய நுரை இருந்ததால் சபதத்தை உரக்கச் சொல்ல முடியவில்லை. நுரை இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டார். சமையலறை ஜன்னல் பக்கத்தில்தான் இருந்தது.

கல்யாணம் ஆகிப் பதினான்கு வருஷம். அந்தப் பதினான்கு வருஷத்தில் வீட்டில் எடுக்கப்பட்ட முடிவுகள் எல்லாம் நல்ல முடிவுகள்தான். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஒன்றைக்கூட அவர் எடுக்கவில்லை, அவ்வளவுதான் குறை. அவர் போட்டிருக்கும் சட்டையின் நிறம்கூட மனைவி ரத்னா பார்த்துச் சொன்னது. பெயரில் மட்டும் தாண்டவம். ஆட்டமெல்லாம் ரத்னா போடும் தாளத்துக்கு.

வெளியே வந்துவிட்டால் கதை வேறு. ஒரகடம் கூட்டு ரோட்டில் 'ரத்னா டிஜிட்டல் ஸ்டுடியோ' என்ற பலகைக்குக் கீழே, கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தால் அவர்தான் ராஜா. அது இரண்டாயிரத்துப் பதினொன்று. சுற்றிலும் கார் கம்பெனி, லாரி கம்பெனி, அதற்கு உதிரி பாகம் செய்கிற கம்பெனி. எந்தக் கம்பெனி கேட்டுக்குள் நுழைவதென்றாலும் முதலில் எட்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. நைட் ஷிப்ட் முடித்துக் கண்ணிரண்டும் கோவைப்பழமாக ஒருத்தன் வந்து நிற்பான். தாண்டவராயன் போட்டோஷாப்பைத் திறப்பார். பிரைட்னஸைக் கொஞ்சம் ஏற்றுவார். கண்ணுக்குக் கீழே இருக்கிற கறுப்பைத் துடைப்பார். கன்னத்தில் ஒரு சிட்டிகை சிவப்பு. பிரிண்ட்டைப் பார்த்தால் பெற்ற தாயே, "எம்புள்ள வேலைக்குப் போயிதான் தெளிஞ்சான்" என்பாள்.

போட்டோஷாப்பில் கர்வ்ஸ் என்று ஒரு சமாச்சாரம் உண்டு. ஒரு கோட்டை லேசாக வளைத்தால் படத்தின் வெளிச்சமே மாறிவிடும். அதை வளைக்கத் தெரிந்ததில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. எந்தப் படத்தின் டோனையும் அவர் மாற்றிவிடுவார். ரத்னாவின் டோன் ஒன்றுதான் இத்தனை வருஷத்தில் பிடிபடவில்லை.

அந்த டோனில்தான் முந்தின நாள் சாயங்காலம் அவள் சொன்னாள்.

"ஏங்க, வேல்விழிக்கு ரெண்டு எடம் வந்துக்கீது."

வேல்விழி ரத்னாவின் தங்கை. சொந்த ஊர் மணிமங்கலம். அக்கா வீட்டில் தங்கி, கார் கம்பெனி பெயின்ட் ஷாப்பில் செக்கிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். வரிசையாக எரிகிற ட்யூப் லைட்டுக்குக் கீழே நின்று, பம்பர் ஒரு வெள்ளையும் கதவு ஒரு வெள்ளையுமாக வந்தால் ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

"ஒண்ணு உங்க சொந்தக்காரரு, எங்க ஊர்ல கீறாரே மண்ணாங்கட்டி, அவுரு. இன்னொண்ணு, நம்ம கடைக்கு போட்டோ எடுக்க வந்தாரே சக்திகுமாரு, லாரி கம்பெனி, திருநெல்வேலிப் பக்கம். அவங்க அம்மாகிட்ட போன்ல பேசினேன்."

"பேசிட்டியா?"

"சும்மா ரெண்டு வார்த்த."

ரத்னாவின் ரெண்டு வார்த்தை என்றால் பத்திரிகை அடிப்பதற்கு முந்தின கட்டம் என்பது அவருக்குத் தெரியும்.

சக்திகுமாரை அவர் மறக்கவில்லை. போன மாதம், வேலை பர்மனன்ட் ஆன சந்தோஷத்தில் போட்டோ எடுக்க வந்தவன். நெடுநெடுவென்ற உயரம். பிரிண்ட் வரப் பத்து நிமிஷம் ஆகும், உட்காரப்பா என்றார். சும்மா உட்கார்ந்தானா? மூலையில் கழுத்து சுளுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தே ஓடிக்கொண்டிருந்த ஸ்டாண்டு ஃபேனை, ஒரு ஸ்க்ரூடிரைவரை வாங்கி, அந்தப் பத்து நிமிஷத்தில் சரி செய்துவிட்டான். "நாளைக்குப் பாக்கலாம்" என்று தாண்டவராயன் இரண்டு மாதமாகச் சொல்லிவந்த ஃபேன் அது. சாப்பாட்டு கேரியரோடு ரத்னா உள்ளே நுழையவும் ஃபேன் அவள் பக்கம் திரும்பவும் சரியாக இருந்தது. அவள் கண்ணை மூடி அந்தக் காற்றை வாங்கிக்கொண்ட விதம் தாண்டவராயனுக்குப் பிடிக்கவில்லை.

இப்படிப்பட்டவன் சகலையாக வந்தால் என்ன ஆவது? மனைவியின் தங்கை புருஷன் என்பது லேசுப்பட்ட உறவா? மாமனார் வீட்டில் இலை போட்டால் பக்கத்து இலை. குரூப் போட்டோ எடுத்தால் பக்கத்து நாற்காலி. முப்பது, நாற்பது வருஷத்துக்கு உரசிக்கொண்டே நிற்கப்போகிற ஆள். மிக்ஸி நின்றால் "சக்திகுமாரைக் கூப்புடு" என்பார்கள். மோட்டார் ஓடாவிட்டால் "சக்திகுமாரு எங்க?" என்பார்கள். அதற்கப்புறம் ஒரு பார்வை வரும். வாய் திறக்காமல், மேலிருந்து கீழே, தாண்டவராயனை அளந்துவிட்டுப் போகிற பார்வை. அதை நினைத்தாலே அவருக்கு வேர்த்தது.

மண்ணாங்கட்டி அப்படி இல்லை. ஆள் தங்கம். கம்பெனி பஸ்ஸில் ஆள் எண்ணுகிற சூபர்வைசர். எண்ணி முடிப்பதற்குள் தூங்கிவிடுவான். ஒரு தடவை ஷெட் வரைக்கும் போய், பஸ் கழுவுகிறவர்கள் தண்ணீர் பீய்ச்சியபோதுதான் கண் விழித்தான். அவன் பக்கத்தில் நின்றால் தாண்டவராயன் புலி. "பரவால்ல, எங்க வூட்டுக்காரரு முழிச்சிக்கினாவது கீறாரு" என்று ரத்னாவே சொல்லுகிற நாள் வரும்.

ஆகவேதான் பல் தேய்க்கும்போது சபதம்.

வழியும் ரத்னாவே திறந்துவிட்டாள். "சக்திகுமாரு போட்டோ உங்க கம்ப்யூட்டர்ல கீது. மண்ணாங்கட்டி போட்டோவ செல்லுல அனுப்பிக்கீறாங்க. ரெண்டையும் நல்லா பெருசா பிரிண்ட் போட்டு எடுத்தாங்க. ஞாயித்துக்கெழம அவளுக்கு லீவு. பாத்துட்டு அவளே சொல்லட்டும்."

"நல்லா போட்டுடலாம்" என்றார் தாண்டவராயன். சபதம் எடுத்த கையோடு சந்தர்ப்பமும் வந்தால் யாருக்குத்தான் குரல் தழுதழுக்காது?

அன்றைக்கு ஸ்டுடியோவில் கூட்டம் குறைவு. முதலில் மண்ணாங்கட்டியைத் திறந்தார். அரைக்கண்ணில் தூங்கிக்கொண்டிருந்த முகம். கண்ணை மட்டும் வளைத்து எடுத்து வெளிச்சம் ஏற்றினார். முழித்துக்கொண்டான். தோலின் சொரசொரப்பைத் தடவிவிட்டார். சட்டை வெளுத்துப்போன பச்சை. ஹ்யூ என்கிற நிற முள்ளை நகர்த்தினார், ஆகாச நீலம் ஆயிற்று. அரைமணி நேரத்தில் மண்ணாங்கட்டி ஜவுளிக்கடை விளம்பரத்தில் நிற்கத் தயாராகிவிட்டான்.

அடுத்தது சக்திகுமார். இங்கேதான் கலைஞனுக்குச் சவால். நல்ல படத்தைக் கெடுப்பது சுலபம். கெடுத்தது தெரியாமல் கெடுக்க வேண்டும். கறுப்பாக்கலாமா? கூடாது. ரத்னாவே கறுப்பு, வேல்விழியும் கறுப்பு, இரண்டு பேரும் அதை ஒரு குறையாகவே நினைத்ததில்லை. மூக்கைப் பெரிதாக்கலாமா? அதை நேரில் பார்த்தவள் ரத்னா. யோசித்தார். கலர் பேலன்ஸ் என்கிற ஜன்னலைத் திறந்தார். அதில் மூன்று கோடுகள். மூன்றாவது கோட்டில் ஒரு கோடியில் நீலம், மறு கோடியில் மஞ்சள். முகத்தை மட்டும் சுற்றி வளைத்துக்கொண்டு, முள்ளை மஞ்சள் பக்கம் மெல்ல இழுத்தார். பத்து. இருபது. முப்பதில் சக்திகுமாருக்குப் பசி இல்லாமல் போயிற்று. நாற்பதில் கண்ணின் வெள்ளை மஞ்சளித்தது. அறுபதில் அவனைப் பார்த்தால் யாரும் ஆர்லிக்ஸ் பாட்டில் வாங்கிக்கொண்டு போவார்கள்.

"இன்னா பண்ணிக்கினு கீறீங்க?"

கேரியரோடு ரத்னா. தாண்டவராயன் ஜன்னலைச் சட்டென்று கீழே இறக்கினார். திரையில் அவர் பின்னணிப் படமாக வைத்திருந்த குற்றாலம் அருவி கொட்டியது.

"வேலதான். போட்டோ வேல."

"அருவியவா?"

"கலர் பாத்துக்கினு இருந்தேன்."

"ரெண்டு பேருக்கும் கலர் நல்லா வருதா?"

"கலரெல்லாம் நம்ம கையிலதான கீது ரத்னா."

"அதான் தெரியுமே" என்று கேரியரைப் பிரித்தாள். எந்த டோன் என்று பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி. வேல்விழி தலைக்குக் குளித்து, ஈரத் தலையைத் துண்டில் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ரத்னா கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தாண்டவராயன் இரண்டு போட்டோக்களையும் கவரிலிருந்து உருவி, சீட்டுக்கட்டு போடுகிறவரைப் போல மேஜையில் வைத்தார்.

வேல்விழி மண்ணாங்கட்டியைப் பார்த்தாள். "நல்லா பளிச்சுனு கீறாரு" என்றாள். தாண்டவராயன் அடக்கமாகச் சிரித்தார். அப்புறம் சக்திகுமாரை எடுத்தாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். சாய்த்துப் பார்த்தாள். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். நீண்ட நேரம் பார்த்தாள்.

"இன்னாடி?" என்றாள் ரத்னா.

"இவருக்கு மஞ்சக்காமாலை போலக்கா."

"எங்க, குடு." ரத்னாவும் பார்த்தாள். அக்காளும் தங்கையும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

தாண்டவராயன் உச்சுக் கொட்டினார். "பாவம்மா. வெளியூர்ப் பையன். அஞ்சு பேரு ஒரே ரூம்பு, ஓட்டல் சாப்பாடு. ஈரல் இன்னா கல்லா? நாம வேற எடமே பாத்துக்கலாம். மண்ணாங்கட்டிய வரச் சொல்லட்டா?"

"மண்ணாங்கட்டி எங்க போவப்போறாரு?" என்றாள் ரத்னா. "இந்தப் புள்ளய மொதல்ல கவனிக்கணும். அம்மா அப்பா பக்கத்துல இல்ல. தெரிஞ்சும் சும்மா வுட்டா பாவம் நம்மளத்தான் சேரும். ஒண்ணு, பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயி ரத்தம் டெஸ்ட் எடுக்கணும்..."

"டெஸ்ட்டா?" தாண்டவராயனின் குரல் ஒரு கட்டை ஏறியது. டெஸ்ட்டில் என்ன வரும் என்று அவரைவிட வேறு யாருக்குத் தெரியும்? "ரத்தமெல்லாம் எதுக்கு?"

"இல்லாட்டி கீழாநெல்லி. ஏழு நாளு, வெறும் வயித்துல, மோருல கலந்து. நம்ம பின்னாலயே மொளைச்சுக் கெடக்குது. நாளைக்குக் காலையில போயி அவர இட்டுக்கினு வாங்க."

ரத்தத்துக்குக் கீழாநெல்லி தேவலை. சம்மதித்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சக்திகுமாரின் ரூம் வாசலில் நின்றபோது, இவன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தார். அவன் துண்டும் கையுமாக வெளியே வந்தான்.

"எனக்கு ஒண்ணும் இல்லையே அண்ணாச்சி? நல்லாத்தான இருக்கேன்?"

"உனக்குத் தெரியாதுப்பா. நேர்ல தெரியாது. கேமராதான் காட்டிக் குடுக்கும்."

வாய் போனபோக்கில் வந்த வார்த்தை. ஆனால் அவன் நம்பினான்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஊரவிட்டு வந்து ஒண்ணரை வருசம் ஆச்சு. எம் மூஞ்சியப் பாத்து ஒடம்பு எப்படி இருக்குன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல அண்ணாச்சி. இந்தா வாரேன், சட்டையப் போட்டுக்கிடுதேன்."

தாண்டவராயனுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. மூன்றாவது கோட்டின் மஞ்சள் முனை ஞாபகத்துக்கு வந்தது. ஆனால் சபதம் சபதம்.

வீட்டில் சக்திகுமார் கால் வைத்ததும், ஜன்னல் வெயிலில் அவன் முகம் மாம்பழம் மாதிரி ஆரோக்கியமாக மின்னியது. தாண்டவராயன் திக்கென்று ரத்னாவைப் பார்த்தார்.

"நேர்ல ஒண்ணும் தெரியலியேங்க?" என்றாள் அவள்.

"நேர்ல தெரியாது ரத்னா. கேமராவுலதான்."

"அப்படியா? அப்போ தெனமும் ஒரு போட்டோ எடுங்க. மஞ்ச எறங்குதா இல்லியான்னு எப்படித்தான் பாக்கறது?"

வேல்விழி டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினாள். பச்சைப் பசேலென்று மோர். சக்திகுமார் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, முகத்தை நாலு கோணலாக்கி, "நல்லா இருக்கு" என்றான். வேல்விழி சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உடனே ரத்னா இன்னொரு டம்ளரைக் கொண்டுவந்தாள்.

"இது யாருக்கு?"

"உங்களுக்குத்தான். தொத்துமாமே. அவருகூடப் பழகறீங்க இல்ல?"

தாண்டவராயன் குடித்தார். மோர் தொண்டையில் இறங்கும்போது அவருடைய பாட்டன் பூட்டன் எல்லாம் கண்ணில் வந்து போனார்கள்.

அன்றிலிருந்து அவருக்கு இரட்டை வேலை. காலையில் சக்திகுமாரைப் போட்டோ எடுக்க வேண்டும். கடைக்குப் போய் அவனுக்கு நோய் கொடுக்க வேண்டும். சாயங்காலம் பிரிண்ட்டை ரத்னாவிடம் காட்ட வேண்டும். திங்கட்கிழமை மஞ்சள் அறுபது. மருந்து குடித்தும் இறங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிப் பேச்சு எழும். ஆகவே செவ்வாய் ஐம்பது. புதன் நாற்பது. ஒரு நல்ல டாக்டரைப் போல நாள்தோறும் நோயாளியைத் தன் கையாலேயே தேற்றிக்கொண்டு வந்தார்.

"எறங்குதுங்க" என்று ரத்னா போட்டோக்களை வரிசையாக அலமாரியில் சாய்த்து வைத்தாள். "இன்னா கைராசி உங்களுக்கு!"

நோயாளியோ தினம் அரைமணி நேரம் முன்னதாகவே வர ஆரம்பித்தான். வேல்விழியின் கம்பெனி பஸ் ஏழே காலுக்கு, அவனுடையது ஏழரைக்கு. பஸ் வரும்வரை அவன் மிக்ஸியைப் பார்த்தான். குழாய்க்கு வாஷர் போட்டான். வேல்விழி பக்கத்தில் நின்று டார்ச் அடித்தாள்.

"எங்க லைன்ல லாரிக்கு அடிச்சட்டம், சேசிஸ்தான். எல்லாமே ஒரே கருப்பு" என்றான் சக்திகுமார், குழாயைப் பார்த்துக்கொண்டே.

"அப்போ ஷேடு ரிஜெக்டே கெடையாதா உங்களுக்கு?"

"கெடையாது. வாரது எல்லாத்தையும் ஏத்துக்கிட வேண்டியதுதான்."

"குடுத்து வெச்சவரு. நான் காலையிலேர்ந்து வேணாம் வேணாம்னு சொல்லிக்கினு நிக்கறேன்."

"எல்லாத்தையுமா வேணாம்னு சொல்லுவீய?"

டார்ச் வெளிச்சம் குழாயை விட்டு எங்கேயோ போயிற்று. பல் தேய்த்துக்கொண்டிருந்த தாண்டவராயன் இதைக் கேட்டார். நிலைமை கைமீறுவதை உணர்ந்தார். அன்றைக்கு வியாழன். முப்பதுக்கு இறங்க வேண்டிய மஞ்சளை ஒரேயடியாக எழுபதுக்கு ஏற்றினார். நோய் முற்றிவிட்டது என்று காட்டிவிட்டால் பெண்ணுக்குப் பயம் வரும், மாப்பிள்ளை ஊருக்குப் போய்விடுவான்.

சாயங்காலம் அந்தப் பிரிண்ட்டை ரத்னா கையில் கொடுத்தபோது சோகமாக முகத்தை வைத்துக்கொண்டார்.

"ஏறிடுச்சே ரத்னா."

அவள் பார்த்தாள். பதற்றமே இல்லை. "பத்தியம் போதல" என்றாள். "காலையில மருந்தக் குடிச்சிட்டு மதியம் கேன்டீன்ல எண்ணெயில முழுகினத தின்னா எப்படி எறங்கும்? இனிமே ராத்திரி சாப்பாடும் அவருக்கு நம்ம வூட்லதான். உப்பில்லாத கஞ்சி, சுட்ட அப்பளம். அந்தப் புள்ள கஞ்சி குடிக்கச் சொல்லோ நாம மட்டும் கொழம்பும் கறியுமா சாப்ட்டா நல்லாவா கீது? வூட்ல எல்லாருக்கும் அதேதான்."

இரண்டு நாள். கடையைப் பூட்டி எட்டரைக்கு வீடு வந்தால் உப்பில்லாத கஞ்சி. சக்திகுமாரும் வேல்விழியும் ஏற்கனவே சாப்பிட்டு முடித்திருப்பார்கள். வீட்டில் லேசாக ஒரு மீன் வாசனை அடிப்பதுபோல அவருக்குத் தோன்றும். பத்தியம் நாக்கில் மாயம் காட்டுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். முள்ளை ஒரே இழுப்பில் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். மஞ்சளாவது, காமாலையாவது. பசி தாங்காத கோபத்தில் கொஞ்சம் பிரைட்னஸைக்கூட ஏற்றி, கன்னத்தில் சிட்டிகை சிவப்பும் சேர்த்துவிட்டார். சக்திகுமார் ஒரே நாளில் பரிபூரண குணம்.

பிரிண்ட்டைப் பார்த்த ரத்னா முகம் மலர்ந்தாள். "ராசாவாட்டம் கீறாரு. இனிமே தள்ளிப்போட வேணாம், நாள் பாத்துடலாம். எங்கப்பாவுக்கு முழுச் சம்மதம். அவங்க அம்மா செவ்வாய்க்கெழம ரயில் ஏறுறாங்க. குன்றத்தூர் முருகன் கோயில்ல வெச்சுடலாம்."

"மண்ணாங்கட்டி...?"

"அவுரு தூங்கட்டும், எழுப்பாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை, கடைசி டம்ளரைக் குடித்துவிட்டுச் சக்திகுமார் தாண்டவராயனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது. "எல்லாம் உங்களாலதான் அண்ணாச்சி. நீங்க அன்னைக்கு ரூம் வாசல்ல வந்து நிக்கலன்னா நான் இந்த வீட்டுக்கே வந்திருக்க மாட்டேன்" என்றான்.

அந்தக் கண்ணீர்தான் அவரை அடித்துவிட்டது. சபதம் போனது கூடப் பரவாயில்லை. ஒரு நல்ல பிள்ளையை ஏழு நாள் நோயாளியாக்கி, கசப்பைக் குடிக்க வைத்து, அவன் வாயால் நன்றியும் வாங்கிக்கொண்டோமே என்று மனசு அறுத்தது. திங்கட்கிழமை மதியம் ரத்னா கேரியரோடு ஸ்டுடியோவுக்கு வந்ததும், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அவள் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

"ரத்னா, ஒண்ணு சொல்லணும். கோச்சுக்கக் கூடாது. சக்திகுமாருக்கு காமாலை வரவே இல்ல."

"ம்."

"நான்தான் போட்டோவுல மஞ்சளக் கூட்டினேன்."

"தெரியும்" என்றாள் ரத்னா, சோற்றைத் தட்டில் கவிழ்த்துக்கொண்டே.

"தெரியுமா? எப்போலேர்ந்து?"

"அன்னிக்கு ஞாயித்துக்கெழமையே. போட்டோவ கையில வாங்கினதும் வேல்விழி கண்ணாலயே காலரக் காட்டினா, நீங்க அப்பால போனதும் காதுல சொன்னா. 'அக்கா, மனுசனுக்குக் காமாலை வரும். சட்டை காலருக்கு எப்படிக்கா வரும்?'னு. முகத்த மட்டும் வளைச்சீங்களே, கழுத்துக்கிட்ட கொஞ்சம் காலரும் சேர்ந்து வந்துட்டது. அவ தெனம் எட்டு மணி நேரம் அதத்தான பாக்கறா?"

தாண்டவராயனுக்குக் கர்வ்ஸ், கலர் பேலன்ஸ் எல்லாம் ஒரு நிமிஷம் மறந்துபோயின.

"அப்போ ஏன் ஒரு வாரமா அந்தப் புள்ளைக்கி கீழாநெல்லியக் குடுத்த?"

"ரெண்டு நாளுதான் குடுத்தோம். மூணாம் நாளு வேல்விழி மனசு கேக்காம அவருகிட்ட உள்ளதச் சொல்லிட்டா. அதுக்கப்புறம் கொத்தமல்லி அரைச்சுப் போட்ட மோரு. அசல் கீழாநெல்லிய ஏழு நாளும் குடிச்சது வூட்ல ஒருத்தருதான்."

யார் என்று அவள் சொல்லவில்லை. அவருக்குத் தொண்டை கசந்தது.

"உண்மை தெரிஞ்சப்புறமும் ஏன் வந்தான்?"

"ஏன் வந்தாரு? உங்க போட்டோவுக்கா வந்தாரு?" ரத்னா சிரித்தாள். "பொண்ணு பாக்கறேன்னு வந்து பத்து நிமிசம் பஜ்ஜிய தின்னுட்டுப் போனா ஒருத்தர ஒருத்தருக்கு இன்னாங்க தெரியும்? விடியக்காத்தால எழுந்து, கசப்ப குடிச்சிட்டு, குடுத்தவ மனசு நோவக் கூடாதுன்னு நல்லா இருக்குன்னு சொன்னாரு பாருங்க, அப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சு. அவங்க ரெண்டு பேரும் தெனம் பேசறதுக்கு ஒரு சாக்கு தேடிக்கினு இருந்தேன். நீங்களே கொண்டாந்து குடுத்தீங்க."

"அந்த மீன் வாசனை?"

"வஞ்சரம். நீங்க வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்."

தாண்டவராயன் தட்டைப் பார்த்தார். இன்றைக்குக் குழம்பு இருந்தது. ஆனாலும் கை போகவில்லை.

"ஏன் பண்ணீங்க?" என்று ரத்னா மெதுவாகக் கேட்டாள். இந்தத் தடவை டோன் அவருக்குப் பிடிபட்டது. அதில் கோபமே இல்லை. அதனால்தான் உண்மை வெளியே வந்தது.

"அவன் சகலையா வந்தா, நீ அவனையும் என்னையும் ஒப்பிட்டுப் பாப்ப. ஃபேன்ல ஆரம்பிச்சு கடைசி வரைக்கும்."

ரத்னா கேரியரைத் தன் பக்கம் இழுத்தாள். அவர் தட்டில் ஒரு துண்டு மீனை எடுத்து வைத்தாள்.

"பதினாலு வருசமா உங்கள யாரோடயாவது ஒப்பிட்டுப் பேசிக்கீறேனா?"

யோசித்தார். "இல்ல."

"ஒப்பிட ஆரம்பிச்சா நீங்க தாங்குவீங்களா? அதான். சாப்டுங்க."

அது ஆறுதலா அடியா என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனால் மீன் நன்றாக இருந்தது. இரண்டு வாய் போனதும் நெஞ்சு கொஞ்சம் லேசானது.

"அந்தப் புள்ள மொகத்துல போயி மஞ்சளப் பூசிட்டேனே ரத்னா" என்றார் உண்மையான வருத்தத்தோடு.

"வுடுங்க. கல்யாண மாப்பிள்ளைக்கி மொத நலங்கு யாராவது வெக்கணும்தான? மூத்த சகலை வெச்சதா இருக்கட்டும்."

தாண்டவராயனுக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு வந்தது. ரத்னாவும் சிரித்தாள். ஃபேன் இரண்டு பேர் பக்கமும் மாறி மாறித் திரும்பியது. மன்னித்துவிட்டாள் என்று தெரிந்ததும் பழைய ராஜா தலைதூக்கினார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாரு ரத்னா, இதுக்கெல்லாம் சேத்து கல்யாணத்துல நான் காட்டறேன். முகூர்த்தத்துக்கு ஒரு லைட்டிங், ஊஞ்சலுக்கு ஒரு லைட்டிங். ஆல்பம் நூறு பக்கம். ஒவ்வொரு படத்துக்கும் ஒக்காந்து கலர் பாக்கப்போறேன். ஒரகடத்துல இந்த மாதிரி ஒரு ஆல்பம் எவனும் பாத்திருக்கக் கூடாது."

ரத்னா கேரியரை அடுக்கி, கிளிப்பைப் போட்டாள். பாதி இறங்கியிருந்த ஷட்டரைத் தூக்கிவிட்டு வெளியே போகும்போது திரும்பினாள்.

"படப்பையிலேர்ந்து வேற போட்டோகிராபருக்குச் சொல்லிட்டேங்க. நீங்க பந்தியில தண்ணி பாட்டில் வெச்சா போதும்."